மூட்டையை எத்தனை கை தொடுகிறது? நெல்லைச் சீமை வியாபாரிகளுக்கும் லாரி உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அண்ணாச்சிமார்களுக்கும், லாரி வைத்துத் தொழில் செய்யும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

முப்பது வருஷத்துக்கு மேலாகத் திருநெல்வேலியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவன் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருடைய சரக்கு ஏதாவது ஒரு வருஷம் என் லெட்ஜரில் ஏறியிருக்கும். தூத்துக்குடி உப்பு, கோவில்பட்டித் தீப்பெட்டி, முக்கூடல் பீடி என்று இங்கிருந்து போனதையும், வடக்கேயிருந்து பருப்பு, வெங்காயம், பீடி இலை, பஞ்சுப் பேல் என்று இங்கே வந்ததையும் லாரியில்தான் ஏற்றி இறக்கினேன். என் பிள்ளைகளைப் படிக்கவைத்தது அந்தக் கமிஷன். அப்படிப்பட்டவன் ரயிலுக்குப் பரிந்து பேசினால் உங்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நான் கேட்க வந்தது இதுதான். ஐந்நூறு, ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போகிற சரக்கை ஆளுக்கொரு லாரி பிடித்து அனுப்புவதை விட்டுவிட்டு, நாம் சேர்ந்து ரயில் பிடிக்க வேண்டும். அதற்கு வேண்டிய இடத்தையும் நாமே கூடி உண்டாக்க வேண்டும்.

என் அப்பா அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் சுமை தூக்கியவர். அப்போது அது மீட்டர் கேஜ், அதாவது குறுகின பாதை. காலையில் கூட்ஸ் வந்தால் ஒன்றிரண்டு வேகனைக் கழற்றி ஓரத்து லைனில் விட்டுவிட்டு வண்டி தென்காசிப் பக்கம் போய்விடும். அந்த வேகனில் யார் யார் சரக்கு இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஒரு வேகன் முழுவதும் ஒரே வியாபாரி எடுக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. நாலு மூட்டையாக இருந்தாலும் ‘ஸ்மால்ஸ்’ என்று புக் செய்து அனுப்பலாம். அப்பா முதுகில் கோணி போட்டுக்கொண்டு மூட்டை இறக்குவதைப் பிளாட்பாரத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சீமையில் சரக்கு என்றால் அன்றைக்கு ரயில்தான். 1876-லேயே தூத்துக்குடிக்கும் நெல்லைக்கும் ரயில் வந்துவிட்டது. 1904-ல் செங்கோட்டை மலையைக் குடைந்து கொல்லம் வரைக்கும் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் என்ன ஆனது என்பதை உங்களில் வயதானவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். 1981-ல் நாகர்கோவில் பக்கமிருந்து அகலப் பாதை நெல்லைக்கு வந்தது. மதுரைப் பக்கம் மீட்டர் கேஜ். ஒரு பக்கத்து வேகன் மறுபக்கம் போகாது. சரக்கை இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். மதுரை லைன் மாறிப் பல வருஷம் கழித்து, தென்காசி லைனைப் பிரித்துப் போட்டார்கள். 2012-ல்தான் அது அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. புனலூர் மலைப்பாதை முழுசாகத் திறக்க 2018 ஆகிவிட்டது. இந்த இடைவெளியில் சரக்கு யாருக்காகக் காத்திருக்கும்? ரோட்டுக்குப் போய்விட்டது. என்னைப் போன்றவர்கள் ஆபீஸ் போட்டதும் அப்போதுதான். அதே காலத்தில் ரயில்வேயும், ஒற்றை வேகன், சில்லறை மூட்டை எல்லாம் கட்டுப்படியாகாது என்று சொல்லி, முழு ரயிலாகப் பிடித்தால்தான் உண்டு என்ற முறைக்கு மாறிவிட்டது. சிமெண்ட் ஆலைக்கும் நிலக்கரிக்கும் உரத்துக்கும் அது சரி. மாதம் இருநூறு டன் அனுப்புகிற அண்ணாச்சிக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது.

நாடு முழுவதும் இதே கதைதான். சுதந்திரம் வந்த புதிதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சரக்கு ரயிலில் போனது. இன்று முப்பதுக்கும் கீழே. 2030-க்குள் நாற்பத்தைந்தாக உயர்த்த வேண்டும் என்று தேசிய ரயில் திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எழுதி வைத்தால் போதாது. மூட்டை நம்மிடம் இருக்கிறது.

சரி, எது மேல் என்று பார்ப்போம். ஆனி மாதம் நெல்லையப்பர் தேருக்கு வடம் பிடித்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று விளங்கும். தேர் நகர ஆரம்பிக்கும் வரைதான் பாடு. நகர்ந்தபின் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது சக்கரமும் தரையும் எப்படி என்பதைப் பொறுத்தது. லாரியின் ரப்பர் டயர் ரோட்டில் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நசுங்கி எழும்புகிறது. அதற்கே ஒரு பங்கு டீசல் போய்விடுகிறது. ரயிலில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்கிறது; இரண்டும் நசுங்குவது மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன்னை உருட்டிக்கொண்டே போக லாரிக்கு ஆறேழு கிலோ இழுவிசை வேண்டுமென்றால் ரயிலுக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். போதாததற்கு, ரயிலில் ஒரு வேகனுக்குப் பின்னால் இன்னொன்று ஒட்டிக்கொண்டு போவதால் எதிர்காற்றை நேருக்கு நேர் வாங்குவது முன்னால் போகிற எஞ்சின்தான்; பின்னால் வருகிற வேகன்களுக்கு அது குறைகிறது. நம் லாரி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றைக் கிழிக்க வேண்டும். கயத்தாறு பொட்டலில் ஆடிக் காற்று எதிரே அடிக்கும்போது மைலேஜ் என்ன ஆகிறது என்று எந்த டிரைவரையும் கேளுங்கள்.

மூடிய வேகன்கள் 58 கோத்த ஒரு முழு ரேக் நாலாயிரம் டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். பத்துச் சக்கர லாரியில் சட்டப்படி பதினெட்டு, பத்தொன்பது டன் ஏற்றலாம். ஆக, இருநூறு லாரி. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கிற இருநூறு வண்டி இங்கிருந்து சென்னைக்குப் போக எவ்வளவு டீசல் எரியும் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு ரயிலை ஓட்ட டிரைவர், உதவி டிரைவர், கார்டு என்று மூன்று பேர். நம் லைனில் மின்சார எஞ்சின் ஓடுகிறது. நமக்கோ அரபு நாட்டில் சண்டை மூண்டால் பாளையங்கோட்டை பெட்ரோல் பங்கில் வயிறு கலங்குகிறது.

ரோடு கெடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் நமக்குப் பங்கு உண்டு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரோடு போட்டு, அதன் மேல் வண்டிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று அதில் தெரியவந்தது. இன்று வரைக்கும் ரோடு போடுகிற பொறியாளர்கள் அந்தக் கணக்கை ஒட்டித்தான் தார் கனத்தைத் தீர்மானிக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி அரை டன் அழுத்துகிற கார் அச்சு ஒன்றையும் பத்து டன் அழுத்துகிற லாரி அச்சு ஒன்றையும் வைத்துப் பார்த்தால், லாரி அச்சு ஒரு தடவை போவது கார் அச்சு ஒரு லட்சத்து அறுபதாயிரம் தடவை போவதற்குச் சமம். ஓவர்லோடு இருபது சதவீதம்தானே என்கிறோம். அந்த இருபது சதவீதத்தில் சேதம் இரட்டிப்பாகிறது. 2018-ல் அரசே பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது. அதற்கும் மேலே ஏற்றுகிறோம் என்பது எடை மேடைக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புளியரை வழியாக மலை ஏறும் ஜல்லி, எம்-சாண்ட் வண்டிகளால் தென்காசி ரோடு படும் பாட்டை அந்த வழியில் பைக்கில் போகிற பள்ளிக்கூட வாத்தியார்களைக் கேட்டால் சொல்வார்கள். ரயிலோ தன் தண்டவாளப் பராமரிப்புக்குத் தானே செலவு செய்கிறது. அதுவும் சரக்கில் வரும் லாபத்தை எடுத்துப் பயணிகள் கட்டணத்தைத் தாங்கிக்கொண்டு.

இனி எழுதுவது எழுத மனசு வராத ஒன்று. என் ஆபீஸில் லோடு எடுத்த ஒரு டிரைவர் தம்பி, விடியற்காலம் நாலரை மணிக்குச் சாத்தூர் தாண்டி நின்றுகொண்டிருந்த டிரெய்லரின் பின்னால் மோதி இறந்துபோனான். முந்தின நாள் பகல் முழுவதும் இறக்குவதற்காகக் காத்துக் கிடந்துவிட்டு, ராத்திரியே ரிட்டர்ன் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியவன். “அண்ணே, காலையில ஜங்ஷன்ல டீ குடிக்கலாம்” என்று போனில் சொன்னான். அவசரம் என்று அந்த லோடைக் கொடுத்தது நான். பார்ட்டி என்னை நெருக்கினார், நான் அவனை நெருக்கினேன். சரக்கு என்னவோ துவரம்பருப்பு. ஒரு நாள் தாமதமாக வந்திருந்தால் அது கெட்டுப்போயிருக்காது. அவன் வண்டி எண் என் லெட்ஜரில் இன்னும் இருக்கிறது. ரயிலிலும் விபத்து நடக்கும்தான். ஆனால் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்துவதற்கு எத்தனை பேர் கண்விழிக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், ராத்திரி இருநூறு பேர் தூங்காமல் ஓட்டுவதும் மூன்று பேர் சிக்னல் பார்த்து ஓட்டுவதும் ஒன்றாகுமா?

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோரும் ரயிலில் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு நான் கண்ட காரணம் கிலோமீட்டர் வாடகையில் இல்லை. மூட்டையை எத்தனை கை தொடுகிறது என்பதில் இருக்கிறது.

லாரி என்றால் உங்கள் குடோனில் ஏற்றுகிறோம், வாங்குகிறவர் குடோனில் இறக்குகிறோம். இரண்டு கை. ரயில் என்றால் குடோனிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து பிளாட்பாரத்துக்கு, பிளாட்பாரத்திலிருந்து வேகனுக்கு. அங்கே போய் மறுபடி வேகனிலிருந்து பிளாட்பாரம், பிளாட்பாரத்திலிருந்து லாரி, லாரியிலிருந்து குடோன். ஆறு கை. ஒவ்வொரு கைக்கும் கூலி, ஒவ்வொரு கையிலும் கொக்கிக் கிழிசல், சிந்தல், எண்ணிக்கையில் ஒன்றிரண்டு குறைவு. தண்டவாளத்தில் மிச்சம் பிடித்த காசு பிளாட்பாரத்தில் கரைந்துவிடுகிறது. சுமாராக முந்நூறு, நானூறு கிலோமீட்டருக்குள் லாரிதான் லாபம் என்று சொல்வது இதனால்தான். தூரம் கூடக் கூட, தண்டவாளத்து மிச்சம் பெருகி அந்த நாலு கை அதிகக் கூலியைத் தாண்டிவிடுகிறது. நாசிக் வெங்காயமும் மத்தியப் பிரதேசத்துப் பீடி இலையும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வருவதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஆனாலும் வருகிறது.

ஏன் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருஷங்களுக்கு முன்னால் நாலு மொத்த வியாபாரிகள் சேர்ந்து மகாராஷ்டிராவிலிருந்து ஒரு மினி ரேக் சீனி வரவழைத்தார்கள். இருபது வேகன். இறங்குகிற ஷெட்டுக்கு லாரி கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. மறுநாள் மத்தியானம் வரும் என்று சொன்ன ரயில் முந்தின ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து நின்றது. ஐப்பசி மழை. நான் சொல்லிவைத்திருந்த வண்டிகளில் பதினேழுதான் வந்தது. சுமையாட்களை வீடு வீடாகப் போய் எழுப்பினோம். அந்த ஷெட்டில் கூரை பாதிதான். வேகனைக் குறித்த மணிக்குள் காலி செய்யாவிட்டால் டெமரேஜ் என்று ஒரு அபராதம்; இறக்கிய சரக்கைப் பிளாட்பாரத்தில் வைத்திருந்தால் வார்ஃபேஜ் என்று இன்னொன்று. இரண்டும் மணிக்கணக்கில் ஏறும். தார்ப்பாய் போதாமல் அடிவரிசை மூட்டைகள் நனைந்து பாகாக ஒழுகின. லாரியைவிட மிச்சம் என்று போட்ட கணக்கு தலைகீழாகி, நாலு பேரும் கைக்காசு போட்டார்கள். “இனி ரயில் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன்” என்று ஒரு அண்ணாச்சி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அன்று குற்றம் ரயிலின் மேல் என்று பேசிக்கொண்டோம். பல வருஷம் யோசித்த பிறகு சொல்கிறேன், பெரும்பங்கு எங்கள் மேல்தான். நாலு பேர் சேர்ந்து சரக்கு வாங்கினோமே தவிர, நாலு பேர் சேர்ந்து இறக்குவதற்கு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. ஒரு வாடகைக் குடோன்கூடத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பார்த்து வைக்கவில்லை. லாரிப் பழக்கத்திலேயே ரயிலைப் பிடித்தோம். இப்போது ரேக் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று செல்போனிலேயே பார்க்க முடிகிறது. அன்று அது இருந்திருந்தால்கூடக் கூரை வந்திருக்காது.

இந்த ஆறு கையை மறுபடி இரண்டாக்குவதற்கு வழி இருக்கிறது, நாம் தினமும் அதைத் தூத்துக்குடி ரோட்டில் பார்க்கிறோம். கண்டெய்னர் பெட்டிதான். இருபதடிப் பெட்டியில் இருபது டன்னுக்கு மேல் போகும். ஏறக்குறைய ஒரு லாரி லோடு. உங்கள் குடோன் வாசலில் பெட்டியை நிறுத்தி மூட்டையை அடுக்கிப் பூட்டி முத்திரை வைத்துவிட்டால், அதற்கப்புறம் மூட்டையை யாரும் தொட வேண்டியதில்லை. பெட்டியைத் தூக்கி ரயிலில் வைப்பதும் இறக்குவதும் எந்திரத்தின் வேலை. கண்டெய்னர் ரயில் ஒன்றில் 45 வேகன், வேகனுக்கு இரண்டு பெட்டி, மொத்தம் 90. தொண்ணூறு வியாபாரிகள் ஆளுக்கொரு பெட்டி போட்டால் ஒரு ரயில். நனையாது, கிழியாது, எண்ணிக்கை குறையாது. மருந்துக்குப் போகிற சாத்தான்குளத்து நிலாவாரை இலை கப்பலேறி வெளிநாடு போகும்போது இப்படிப் பெட்டியில்தான் போகிறது. ‘டின்னவேலி சென்னா’ என்று நம் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு போகிற சரக்கு அது. துறைமுகத்துக்குள் தண்டவாளம் இருந்தும் பெட்டிகளில் பெரும்பாலானவை ரோட்டில்தான் வந்து சேருகின்றன.

உப்புக்காரர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உப்பு பட்டால் வேகனின் இரும்பு அரித்துப்போகும் என்பதால் ரயில்காரர்களுக்கு உப்பு என்றால் பழைய பயம் உண்டு. பையில் கட்டி, உள்ளே விரிப்புப் போட்ட பெட்டியில் வைத்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் உப்பு விளைகிற சீமை நம்முடையது. முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரி என்று ஒவ்வொரு அளத்திலிருந்தும் தனித்தனி லாரி ஆந்திராவுக்கும் கர்நாடகத்துக்கும் கிளம்புவதைப் பார்க்கும்போது எனக்கே மனசு கேட்கவில்லை, அந்த லாரிகளை அனுப்பியவனே நான்தான் என்றாலும்.

பெட்டியைத் தூக்கி வைக்க ஒரு இடம் வேண்டுமே? 2021 டிசம்பரில் மத்திய அரசு கதி சக்தி சரக்கு முனையத் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. அதன்படி தனியார் தங்கள் சொந்த நிலத்திலோ, ரயில்வே நிலத்திலோ சரக்கு முனையம் கட்டி நடத்தலாம். பெரிய கம்பெனிகளுக்குத்தான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தாழையூத்துக்கும் மணியாச்சிக்கும் இடையில் பாருங்கள். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை அங்கேதான் இருக்கிறது. நாலுவழிச் சாலையும் ரயில் லைனும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. மணியாச்சியில் தூத்துக்குடிக்கு லைன் பிரிகிறது. மதுரையிலிருந்து இந்தப் பக்கம் இரட்டைப் பாதையும் வந்துவிட்டதால், எதிரே வரும் வண்டிக்காகக் கூட்ஸ் ரயிலைச் சின்ன ஸ்டேஷன்களில் மணிக்கணக்கில் நிறுத்தி வைத்த காலம் மாறியிருக்கிறது. கொஞ்சம் நிலம், ஒரு முழு ரயில் நிற்கிற அளவு தண்டவாளம், பெட்டி தூக்கும் வண்டி ஒன்று, முழுசாக மூடிய கூரை. தனி ஆளுக்கு இது பெருஞ்செலவு. அரிசிக்காரர், உப்புக்காரர், தீப்பெட்டிக்காரர், பஞ்சு மில்காரர், சிப்காட் ஆலைக்காரர் என்று எல்லோரும் பங்கு போட்டால் தாங்கக்கூடியது. ஊர் கூடித் தேர் இழுக்கிறவர்களுக்கு இது பெரிய வித்தையா?

ரயிலே எல்லாம் செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. களக்காட்டிலும் ஏர்வாடியிலும் சாயங்காலம் வெட்டின வாழைத்தார் மறுநாள் விடியும்போது கேரளச் சந்தையில் இருந்தாக வேண்டும். பாவூர்சத்திரம் காய்கறியும் அப்படித்தான். அதை லாரியைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. கூட்ஸ் ரயிலின் சராசரி வேகம் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் என்ற கணக்கிலேயே வருஷக்கணக்காகக் கிடந்தது. வடக்கே சரக்குக்கென்றே லூதியானாவிலிருந்து ஒன்றும், தாத்ரியிலிருந்து நவி மும்பைத் துறைமுகத்துக்கு ஒன்றுமாகத் தனிப் பாதை போட்டார்கள், தெற்கே அப்படி ஒன்றும் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து ராதாபுரம், ஆரல்வாய்மொழிப் பக்கம் போகிற காற்றாலை இறக்கைகளை எந்த வேகனில் வைப்பது? அதை நடுராத்திரியில் ஊர் ஊராக வளைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிற டிரெய்லர் டிரைவருக்கு நான் இருந்த இடத்திலிருந்தே கும்பிடு போடுவேன்.

மலையும் அப்படித்தான். பகவதிபுரம் தாண்டிப் புனலூர்ப் பக்கம் போகிற லைன் ஏறக்குறைய நாற்பதடிக்கு ஓரடி என்ற ஏற்றம். சமதளத்தில் ஒரு டன்னுக்கு ஒன்றிரண்டு கிலோ இழுவிசை போதும் என்றேனே, அந்த ஏற்றத்தில் மலையை வெல்லவே டன்னுக்கு இருபத்தைந்து கிலோ வேண்டும். இரும்புச் சக்கரத்தின் சாமர்த்தியம் அங்கே எடுபடாது. வழுக்காமல் பிடித்துக்கொள்வதிலும் ரப்பர்தான் கெட்டி. அந்த லைனில் இருக்கிற பதிமூன்று கண் பாலத்தின் மேல் பயணி ரயிலுக்கே பின்னால் ஓர் எஞ்சின் வைத்துத் தள்ளியிருக்கிறார்கள். ஆகவே கொல்லத்துக்குப் போகிற சரக்கெல்லாம் அந்த வழியே ரயிலில் போகட்டும் என்று நான் கேட்க மாட்டேன். நாகர்கோவில் வழி இருக்கிறது, சுற்றுதான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியே அடித்துப்போய், திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நடுவழியில் மாட்டிக்கொண்டது. அந்த லைனில் பல நாள் ரயில் இல்லை. ரோடும் அறுந்ததுதான். ஆனாலும் லாரி இந்த ஊர் இல்லாவிட்டால் அந்த ஊர் என்று சுற்றிக்கொண்டு வந்து நின்றது; நிவாரண அரிசி வந்தது அதில்தான். தண்டவாளத்துக்கு மாற்று வழி கிடையாது. லாரி என்ற ஒன்று இந்தச் சீமைக்கு எப்போதும் வேண்டும்.

அதனால்தான் லாரித் தம்பிமார்களிடம் தனியாக ஒரு வார்த்தை. இது உங்கள் பிழைப்பைப் பிடுங்கும் பேச்சு இல்லை. இன்றைக்கு நாக்பூர் போய் வருகிற வண்டி பத்து நாள் ஆகிறது, ரிட்டர்ன் லோடுக்கு நாலு நாள் படுத்துக் கிடக்கிறது, ஊர் ஊருக்கு டோல், போலீஸ், டயர் வெடிப்பு. வாடகை கையில் வரும்போது பாதிதான் மிச்சம். அந்த வண்டியே தூத்துக்குடி, தென்காசி, கோவில்பட்டி, வள்ளியூர் என்று எழுபது, எண்பது கிலோமீட்டருக்குள் பெட்டி எடுத்து முனையத்தில் சேர்த்தால் நாளைக்கு இரண்டு நடை அடிக்கலாம். ராத்திரி டிரைவர் வீட்டில் படுக்கலாம். டிரைவர் வேலைக்கு வாலிபப் பையன்கள் வர மாட்டேன் என்கிறார்களே என்று என்னிடம் வந்து புலம்புகிறீர்கள். மாதத்தில் இருபது நாள் வீட்டில் இல்லாத வேலைக்கு எவன் வருவான், எவன் பெண் கொடுப்பான்? கொங்கண் ரயில்வேயில் 1999-லிருந்து லாரியையே சரக்கோடு வேகன் மேல் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். மலைப்பாதையில் ஓட்டாமல் டிரைவர் வண்டியிலேயே உட்கார்ந்து போகிறார், அந்தப் பக்கம் இறங்கி ஓட்டிக்கொண்டு போகிறார். ரயிலும் லாரியும் எதிரி என்று நினைத்திருந்தால் அது நடந்திருக்குமா?

முதல் வேலையாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதற்குக் காசு வேண்டாம். யார், எந்த ஊருக்கு, எந்த மாதத்தில், எத்தனை டன் என்று உள்ளதை உள்ளபடி எழுதி ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். நம் ஊரில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்காரருக்கு நம் சரக்கு எங்கே போகிறது என்று தெரிந்தால் பார்ட்டியை வளைத்துவிடுவார் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். நானே அப்படி வளைத்துக் கொடுத்திருக்கிறேன். பார்ட்டி பெயர் வேண்டாம், விலை வேண்டாம். ஊரும் எடையும் மாதமும் மட்டும் போதும். அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றால்தான், வாரம் ஒரு ரயில் குறித்த நாளில் வேண்டும் என்று ரயில்வேயிடமும் கண்டெய்னர் கம்பெனிகளிடமும் நாம் பேச முடியும். தொண்ணூறு பெட்டி நிறையுமா என்று அவர்கள் கேட்கும்போது சொல்ல நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

என் பங்குக்கு என் லெட்ஜர்களை எடுத்து வைத்திருக்கிறேன். பெயர்களை மறைத்துவிட்டு, ஊரையும் எடையையும் தேதியையும் என் மகள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். நாக்பூர், விஜயவாடா, பெங்களூரு என்று ஒரே வாரத்தில் ஒரே ஊருக்குத் தனித்தனியாகப் போன லாரிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கே திகைப்பாக இருந்தது. சாத்தூர் பக்கம் போன அந்தத் தம்பியின் லோடு இருக்கிற பக்கமும் அதில் இருக்கிறது. அதே நாள் அதே ஊரிலிருந்து நெல்லைக்குப் பருப்பு ஏற்றி வந்த வண்டிகள், அவனுடையதையும் சேர்த்து, ஐந்து.

ஆபீஸ் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் லோடு எடுப்பதில்லை. காலை பத்து மணியிலிருந்து அந்தத் தாள்களை மேஜையில் விரித்து வைத்திருப்பேன். உங்கள் சரக்குக் கணக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லோடுகளை ஏற்றிவிட்டுக்கொண்டிருக்கும்
ஒரு புக்கிங் ஆபீஸ்காரன்,
திருநெல்வேலி.